ஒன்றேகால் மணிக்குப் பசிக்கிற கடல்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஓர் எச்சரிக்கை. ஜன்னலோர மேசையின் நாற்காலிக்கு இடது கை ஆடும். அதைச் சரிசெய்யச் சொல்லி நான் ஓய்வு பெறும் நாள் வரைக்கும் எழுதிக்கொண்டே இருந்தேன். கடல்மட்டத்தை நிமிடத்துக்கு நிமிடம் அளக்கிற அலுவலகத்தில் ஒரு நாற்காலியின் ஆட்டம் யார் கண்ணிலும் படவில்லை. பார்த்து உட்காருங்கள்.

பக்கத்து நாடுகளோடு சேர்ந்து கடலைக் கண்காணிக்கும் வேலையில் நான் கற்றதை எழுதித் தரச் சொன்னீர்கள். தமிழில்தான் எழுதுவேன் என்று அடம்பிடித்தேன். மட்டாஞ்சேரியில் பிறந்தவன் நான். அப்பா மசாலா கிடங்கில் மூட்டை தூக்கினார், பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் தமிழ். உங்களில் தமிழ் வீட்டுப் பிள்ளைகள்கூட இதை வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லித்தான் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வாசிக்கிறவருக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

கருவிகளைப் பற்றிக் கையேட்டில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். கையேட்டில் வராத ஒன்றை மட்டும் சொல்கிறேன். மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் தினமும் மதியம் ஒன்றேகால் மணிக்குக் கடல் ஒரு முழம் ஏறி, இரண்டு மணிக்கு ஒழுங்காக இறங்கிப் போன கதை அது. அதில் அசடு வழிந்தவன் நான்தான்.

இலங்கை, மாலத்தீவு, நாங்கள். மூன்று பேரும் ஆளுக்கொரு துறையில் அளவுக் கருவி வைத்து, ஒருவர் அளவை மற்றவர் அந்த நிமிடமே பார்க்கிற மாதிரி ஓர் ஏற்பாடு. ஒரு பக்கம் கடல் திடீரென்று பொங்கினால் அடுத்த பக்கம் ஆட்களைக் கரையிலிருந்து நகர்த்த நேரம் கிடைக்கும். நோக்கம் அவ்வளவுதான். ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்னால் ஒரு மாதம் ஒத்திகை என்று முடிவாகியிருந்தது. அளவு திரையில் ஒரு கோடாக ஓடும்; யாருடைய கோடாவது துள்ளினால், அந்தத் துறைக்குப் பொறுப்பானவர் பத்து நிமிடத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும். படிவத்தில் மூன்று கட்டங்கள்: உண்மை, கருவிப் பிழை, தெரியாது. மூன்றாவது கட்டம் எதற்கு என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை. சம்பளம் வாங்குகிற எவன் தெரியாது என்று குறியிடுவான்?

எங்கள் கருவி மட்டாஞ்சேரித் துறையில் ஒரு கம்பத்தில் இருந்தது. கம்பத்திலிருந்து தண்ணீருக்கு மேலே ஒரு கை நீண்டிருக்கும். அதன் நுனியில் சாப்பாட்டுத் தூக்கு அளவுக்கு ஒரு பெட்டி. அது குனிந்து பார்த்து, தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று சொல்லும். தண்ணீர் கிட்டே வந்தால் கடல் ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

அந்தக் கம்பத்தை நடப் போனபோது படகுக்காரர்கள் வழிமறித்தார்கள். அவர்கள் காலங்காலமாக வள்ளங்களை, சின்னப் படகுகளை, கட்டி நிறுத்துகிற இடம். பேச வந்தவர் சேவியர் சேட்டன். விடியற்காலையில் காயலில் வலை போட்டுவிட்டு மத்தியானம் துறைக்குத் திரும்புகிற மனிதர், கணீரென்ற குரல்.

"கம்பு நட்டோ சாரே. ஞங்ஙளுக்கு என்னா கிட்டும்?"

"தகவல் கிடைக்கும் சேட்டா. கடல் எப்போ பொங்கும்னு முன்னாடியே தெரியும்."

அவர் துறையை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒரு மரம்கூட இல்லாத துறை அது. "தகவலு பின்னே மதி. உச்சைக்கு இருந்து சோறு உண்ண ஒரு நிழல் தா சாரே."

எனக்கு அப்படியே உச்சி குளிர்ந்துவிட்டது. இவ்வளவு எளிதாக ஒரு கோரிக்கையை எந்த நாட்டுப் பிரதிநிதியும் என்னிடம் வைத்ததில்லை. கம்பத்தோடு சேர்த்துத் தகரக் கூரை போட்டேன். கை தாராளமாகிவிட்டது. கூரை கரையைத் தாண்டித் தண்ணீருக்கு மேலேயும் நீண்டது. அதைப் படம் பிடித்து, "மக்கள் பங்கேற்பு" என்று தலைப்புக் கொடுத்து, போகிற கூட்டத்திலெல்லாம் திரையில் காட்டினேன். இலங்கைக்காரர்கள் கைதட்டினார்கள். மாலத்தீவுக்காரர்கள் நகல் கேட்டார்கள். அது மழைக்காலம். நிழல் தேடி யாரும் வரவில்லை.

மழை விட்டது. வெயில் வந்தது. ஒத்திகை மாதமும் வந்தது.

முதல் துள்ளல் ஒரு திங்கட்கிழமை. ஒன்றேகால் மணிக்கு மட்டாஞ்சேரிக் கோடு செங்குத்தாக எழும்பி நின்றது. அலுவலகம் எதிர்க்கரையில். படகு பிடித்தால் இருபது நிமிடம், பதிலுக்குக் கெடு பத்து நிமிடம். பத்து நாளில் கையெழுத்து. வருகிற விருந்தினர்களை நேராக அந்தத் துறைக்குத்தான் கூட்டிப் போவதாக ஏற்பாடு. என் கூரையைக் காட்ட வேண்டாமா? ஒன்பதாவது நிமிடத்தில் இரண்டாவது கட்டத்தில் குறியிட்டு, காரணம் என்ற இடத்தில் "பராமரிப்பு" என்று எழுதினேன். இரண்டு மணிக்குக் கோடு இறங்கியது. பார்த்தாயா, சரியாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை அதே நேரம், அதே துள்ளல். "துப்புரவுப் பணி." புதன்கிழமை "அளவு சரிபார்ப்பு." வியாழக்கிழமை "கம்பிச் சோதனை." ஒரு பொய்க்கு ஆயுள் ஒரு நாள்தான் என்றால் சமாளிக்கலாம் என்று நினைத்திருந்தேன். அது என்னிடம் தினமும் புதுச் சட்டை கேட்டது. நடுவில் ஒரு நாளாவது படகேறிப் போய்ப் பார்த்தேனா என்றால், இல்லை. போய்ப் பார்த்தால் ஏதாவது தெரிந்துவிடும் என்ற பயம். நீங்கள் சிரிக்கலாம். உங்களுக்கும் ஒரு நாள் அந்தப் பயம் வரும்.

இரண்டாவது திங்கட்கிழமை இலங்கையிலிருந்து தொலைபேசி வந்தது. அங்கே பொறுப்பில் இருந்தவர் தவமலர். என் வயதுதான். என்னைச் "சேர்" என்பார், நான் அவரை "மேடம்" என்பேன். மரியாதைக்குக் குறைவிருக்காது, குசும்புக்கும் குறைவிருக்காது.

"சேர், ஒரு சின்ன விசயம் கேக்கட்டே? உங்கட கடலுக்கு ஒவ்வொரு நாளும் ஒண்டேகால் மணிக்குப் பசிக்குதோ?"

"அது பராமரிப்பு வேலை மேடம். படிவத்தில் எழுதியிருந்தேனே."

"ஓம், வாசிச்சனான். வடிவா எழுதியிருந்தியள். ஆனா நேற்று ஞாயிற்றுக்கிழமை கடல் அசையவே இல்லை. உங்கட கடல் கோயிலுக்குப் போனதோ?"

போனை வைத்த பிறகும் காது சுட்டது. எங்கள் பிரிவுத் தலைவி எதிரே நின்றிருந்தார். பெயர் வேண்டாம், இதைப் படித்தால் என்னைத் திட்டுவார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பிரச்சினையைக் கொண்டுபோனாலும் சரியாகிவிட்டதா என்று கேட்க மாட்டார்.

"முருகேசன், நீங்க போய்ப் பார்த்தீங்களா?"

"இன்னிக்குப் போறேன் மேடம்."

"ஒன்றேகாலுக்குப் போங்க."

அவருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாதது போல நடித்துக்கொண்டு எனக்கு ஒரு வாரம் கொடுத்திருக்கிறார்.

படகை விட்டு இறங்கியதும் கண்டுவிட்டேன். என் கூரையின் நிழலில், என் கருவிக்கு நேர் கீழே, சேவியர் சேட்டனின் வள்ளம். நடுவில் சம்மணமிட்டு அவர். முன்னால் கப்பைக்கிழங்கும் மத்தி மீன் கறியும். கருவி குனிந்து பார்க்கிறது, வள்ளத்தைத் தண்ணீர் என்று நினைக்கிறது. மூன்று நாடுகளுக்கும் கடல் ஒரு முழம் ஏறிவிட்டதாகச் சேதி போகிறது. சாப்பிட்டு, சின்னதாக ஒரு கண் அசந்து, இரண்டு மணிக்கு அவர் வள்ளத்தை எடுத்தால் கடல் வடிந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வீட்டில் சாப்பிடுவார்.

"வா சாரே, கேறி இரி. நல்ல நிழலு. நீ இட்டதல்லே?"

ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்த மறுநிமிடம் அலுவலகத்திலிருந்து போன். "சார், இப்போ மட்டம் திடீர்னு ரெண்டு விரல்கடை இறங்கிருச்சு. என்னவாயிருக்கும்?"

நான் ஏறியதில் வள்ளம் தாழ்ந்திருந்தது. தன் உடல் எடையைக் கடல்மட்டத்தில் பதிவு செய்த அலுவலர் இந்தப் பிராந்தியத்தில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். மத்திக் கறி பிரமாதமாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

திரும்புகிற படகில் சிரிப்பு போய்விட்டது. கையெழுத்துக்கு மூன்று நாள். கூரையைச் சத்தமில்லாமல் பிரித்துவிட்டு, கருவியில் கோளாறு இருந்தது, மாற்றிவிட்டோம் என்று பூசி மெழுகிவிடலாம். யாருக்கும் தெரியாது. சேவியர் சேட்டனுக்கு மட்டும் நிழல் போகும். இந்த யோசனையோடுதான் தலைவியின் அறைக்குப் போனேன்.

"போய்ப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்." முழுவதையும் சொன்னேன். அவர் மேசையில் தலையைக் கவிழ்த்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். நிமிர்ந்தபோது முகம் சாதாரணமாக இருந்தது.

"இதை வியாழக்கிழமை எல்லார் முன்னாலயும் நீங்களே சொல்லுங்க. நிழலைப் பிரிக்க வேண்டாம். வாக்குக் கொடுத்தது நீங்க. கூரையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க."

"மேடம், கையெழுத்தே நின்னுபோயிரும்."

"நிக்கட்டும். நாளைக்கு நிஜமாகவே கடல் ஏறும்போது நீங்க உண்மைன்னு குறியிட்டா இலங்கையில அந்த அம்மா நம்பணும் இல்லையா? இப்போ நம்புவாங்களா?"

நம்ப மாட்டார். ஆறு நாள் துப்புரவு, பராமரிப்பு என்று எழுதியவனை நானே நம்ப மாட்டேன். அந்த நேரத்தில்தான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. கருவி சொன்னது வெறும் பிழை. நான் எழுதியது பொய். கரையோரத்தில் குடியிருக்கிறவர்கள் பிழையிலிருந்து தப்பிக்கலாம், என் பொய்யிலிருந்து எப்படித் தப்பிப்பார்கள்?

எர்ணாகுளத்தில் ஒரு ஓட்டலின் குளிரூட்டிய அறையில் கூட்டம். நீளமான மேசை, சின்னச் சின்னக் கொடிகள், முந்திரிப்பருப்பு. என் முறை வந்ததும் "மக்கள் பங்கேற்பு" படத்தைத் திரையில் போட்டேன். அதற்கு அடுத்ததாக, அதே கூரையின் கீழே சேவியர் சேட்டன் கப்பை சாப்பிடுகிற படம். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். என் எடை உட்பட.

மாலத்தீவிலிருந்து வந்திருந்தவர் ஆஜானுபாகுவான ஆள், இரண்டு நாளாக வாயே திறக்காதவர். அவர் தொண்டையைச் செருமினார். அவர்கள் துறையில் கருவிக்குக் கீழே இருக்கிற கல்லில் ஒரு கொக்கு வந்து நிற்குமாம். அது நிற்கிற நேரமெல்லாம் கடல் ஏறுமாம். ஒத்திகை தொடங்கியதிலிருந்து அதை "மின்தடை" என்று எழுதி வருகிறாராம். சொல்லிவிட்டு ஒரு முந்திரிப்பருப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

எல்லாரும் தவமலரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்கட பக்கம் பொடியங்கள் கம்பத்தில இருந்து குதிச்சு நீந்துறவங்கள். நாங்கள் 'அலைத் திருத்தம்' எண்டு எழுதினனாங்கள். அப்பிடி ஒரு சாமானே இல்லை."

அதற்குப் பிறகு அந்த அறையில் எழுந்த சிரிப்பில் கொடி ஒன்று கீழே விழுந்தது. அன்றைக்குக் கையெழுத்தான தாளில் ஒரு வரி கூடுதலாகச் சேர்ந்தது. ஒவ்வொரு துறையிலும் அலுவலகத்தைச் சேராத ஒருவரின் எண் மூன்று நாடுகளிடமும் இருக்க வேண்டும். கோடு துள்ளினால் முதலில் அவரைக் கேட்க வேண்டும். அவர் கிடைக்கும்வரை 'தெரியாது' என்ற மூன்றாவது கட்டத்தில் குறியிட வேண்டும். எங்கள் துறைக்கு யார் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். கூரையைப் பத்தடி தள்ளிப் போட்டோம். சேவியர் சேட்டன் அதன் கீழே சாப்பிட்டார், முக்கால்வாசி நாள். மீதி நாளில் பழக்கதோஷத்தில் பழைய இடத்திலேயே கட்டிவிட்டு, "சாரி சாரே, கடலு ஞானா" என்று போன் செய்து, ஏறியது தான்தான் என்று ஒப்புக்கொள்வார்.

ஒரு வருடம் ஓடியிருக்கும். காற்றில்லாத, பளிச்சென்ற ஒரு மத்தியானம். இலங்கையின் கோடு ஏறத் தொடங்கியது. தவமலர் மூன்றாவது கட்டத்தில் குறியிட்டிருந்தார். சற்று நேரத்தில் மாலத்தீவும் ஏறியது, அங்கேயும் 'தெரியாது' என்றே குறி. கொக்காக இருக்கலாம், பொடியன்களாக இருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்திலா? மணியைப் பார்த்தேன். ஒன்று பத்து. மட்டாஞ்சேரிக் கோடு எழும்பத் தொடங்கியது.

சேவியர் சேட்டன் சாப்பிட உட்கார்கிற நேரம். அவராக இருக்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? மூன்றாவது கட்டத்தில் குறியிட்டுவிட்டுப் போன் செய்தேன். எடுக்கவில்லை. இரண்டாவது முறையும் எடுக்கவில்லை. செல்லானம் பக்கம் கடலோரத்தில் வரிசையாக வீடுகள். சேட்டனுடைய அக்கா வீடும் அங்கேதான், கடல் சுவரை ஒட்டி. உண்மை என்று குறியிட்டால் அத்தனை பேரையும் உலையில் கொதிக்கிற சோற்றை விட்டுவிட்டுத் தெருவுக்கு வரச் சொல்ல வேண்டும். அது ஒரு தட்டுக் கப்பையாக இருந்துவிட்டால் அடுத்த முறை ஒருவரும் வர மாட்டார்கள். தலைவி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். ஆறாவது நிமிடம் போன் அடித்தது.

"சாரே!" மூச்சு வாங்கியது அவருக்கு. "என்ற வள்ளம் அவிட இல்லா. வெள்ளம் படி கேறி வருது. பேடிச்சு வள்ளத்த அவுத்து மாத்திக் கெட்டி. ஞான் இன்னும் உண்டிட்டில்லா சாரே. இது ஞானல்லா. இது கடலு தன்னே!"

முதல் கட்டத்தில் குறியிட்டேன். தவமலரிடமிருந்து ஒரே வரி வந்தது: "நம்புறன் சேர், நாங்களும் ஆக்களை நகர்த்துறம்." தலைவி அதற்குள் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையோடு பேசிக்கொண்டிருந்தார். செல்லானத்தில் தேவாலய மணியை அடித்தார்கள். சேவியர் சேட்டன் அக்காவுக்குத் தானே போன் செய்து கத்தியிருக்கிறார். அந்த அம்மா சோற்றுப் பானையையும் கறிச்சட்டியையும் எடுத்துக்கொண்டுதான் தெருவுக்கு வந்தாராம். அரை மணி நேரத்தில் கடல் சுவரைத் தாண்டி வீடுகளுக்குள் புகுந்தது. கட்டில் நனைந்தது, குளிர்பெட்டி கவிழ்ந்தது. வீடுகளுக்குள் ஆள் யாரும் இல்லை.

சாயங்காலம் செல்லானத்துக்குப் போனேன். அக்கா வீட்டுக் கூடத்திலிருந்து சேவியர் சேட்டன் மணலை அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து தெருவோரம் உட்கார வைத்தேன். அக்கா காப்பாற்றிக்கொண்டு வந்த பானையையும் சட்டியையும் திறந்தார். எனக்கும் ஒரு தட்டு வந்தது. எனக்கு அழுகை வந்தது, காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். கெட்ட பழக்கம் எளிதில் போவதில்லை.

அப்போதுதான் தவமலரிடமிருந்து வந்திருந்த செய்தியைப் பார்த்தேன். அவர்கள் பக்கமும் எல்லாரும் பத்திரம் என்று எழுதிவிட்டு, கீழே ஒரு கேள்வி வைத்திருந்தார்.

"சேவியர் அண்ணை சாப்பிட்டிட்டாரோ, சேர்?"

எதிரே பார்த்தேன். சேட்டன் இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொண்டிருந்தார். போனிலேயே படிவத்தைத் திறந்து, முதல் கட்டத்தில் குறியிட்டு அனுப்பினேன்: உண்மை.